கடைசியாகத் தெரிந்த நிலை

பச்சை விளக்கு எரிகிற வீட்டில் செத்தவீடு நடத்த முடியாது என்று பெர்னடெட் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். பங்குச் சுவாமியார் வந்து பேசிப் பார்த்தார். மாமியார் லூர்த்தம்மா தன் மகனுக்காக நெஞ்சில் அடித்து அழுதுகொண்டே மருமகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். தேடப் போன படகுகள் எல்லாம் தேடி ஓய்ந்துவிட்டன. கடலுக்குப் போன அவள் புருசன் றொகானின் உடல் கிடைக்கவில்லை. ஆனால் குருநகரில் அவனுடைய வீட்டில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் படகு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அதைத் தெரு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தவள் வேறு யாருமல்ல, றொகானின் கூடப்பிறந்த தங்கை லவீனா.

அவள் வேலை மென்பொருள் கட்டமைப்பு. மேசன் கல்லை எடுக்க முன்னர் எந்தச் சுவர் எதைத் தாங்கும் என்று தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா, நிரல் எழுதுகிறவர்கள் நடுவில் அந்த ஆள் அவள். கொம்பனி யாழ்ப்பாண நகரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மத்தியானத்தில் யார் என்ன யோசித்தாலும் அதில் மீன்பொரியல் வாசம் கலந்திருக்கும். அவள் எடுத்துக்கொண்ட துறைக்கு எங்கும் நிறைந்த கணிமை என்று பெயர். பெயரைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இருக்கும், விஷயம் அவ்வளவு பெரிதில்லை. கணினி மேசையில் குந்திக்கொண்டு என்னைப் பார், என்னைப் பார் என்று ஆட்களைக் கூப்பிடக் கூடாது. படகுக்குள்ளும் சுவருக்குள்ளும் விளக்குக்குள்ளும் கரைந்துபோய்விட வேண்டும். அது இருப்பதையே மனிதர் மறந்துவிட்டால் கட்டியவருக்கு வெற்றி. லவீனா அந்த வெற்றிக்குத்தான் ஆசைப்பட்டாள். அந்த மறதிதான் பிறகு ஓர் உயிரைக் குடித்தது.

அவளுடைய ஆசைக்குக் காரணம் இருந்தது. அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. படகு பிந்தினால் வீட்டுக்காரி இறங்குதுறைக்குப் போக வேண்டும். கரைக்கு வந்து சேர்கிற ஒவ்வொரு படகிடமும், எங்கடை ஆளைக் கண்டியளோ என்று கேட்க வேண்டும். கேட்டால் கண்டதைக் கண்டபடி சொல்லியே ஆக வேண்டும், மழுப்பக் கூடாது. நாலைந்து படகுகள் காணவில்லை என்று சொல்லிவிட்டால், அடுத்து வருகிற படகு மீனைக்கூட இறக்காமல் அப்படியே திரும்பிக் கடலுக்கு ஓடும். அந்தத் தெருவுக்கு அதுதான் அபாயச் சங்கு. ஆனால் கேட்காதவளிடம் கடல் சேதியை வீடு தேடிப் போய் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் ஆளைத் தாங்களே கொன்ற மாதிரி என்று நினைப்பு. சின்ன வயதில் தன் தாய் லூர்த்தம்மா தலைமயிர் கலைந்தபடி படகு படகாகக் கேட்டுக்கொண்டு போன காட்சியை லவீனா பலமுறை கண்டிருக்கிறாள். தகப்பன் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கேள்வி அவளுக்கு வெறுத்துப்போயிற்று. எங்கள் வீட்டுப் பெண்கள் இனி எவனிடமும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவள் மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள்.

வெள்ளைப் பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தாள். கடல், கரை, வீடு. படகில் இருக்கிற சின்னக் கருவி வானொலி அலையில் கரையோடு கதைக்கும். ஐஸ் தொழிற்சாலைத் தண்ணீர்த்தாங்கியின் உச்சியில் பொருத்திய அலைவாங்கி அதைக் கேட்டு அலுவலகக் கணினிக்குச் சொல்லும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு விளக்குக்கும் சேதி போகும். படகின் குரல் கேட்டால் பச்சை. படகிலிருந்து அபாயப் பொத்தானை அமத்தினால் சிவப்பு. ஒன்றும் கேட்காவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஒரு பகுதி பழுதானாலும் மற்றப் பகுதிகள் விழாமல் நிற்க வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

வீடுகளுக்கு விளக்கைக் கொடுத்தபோது, எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும், ஒருவரை ஒருவர் கேட்காமலே, கொண்டுபோய்த் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வேறு எங்கே வைப்பார்கள்? கடலில் நிற்கிறவனுக்காக ஒரு வெளிச்சம் என்றால் அதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் உண்டு.

பரீட்சித்துப் பார்த்த முதல் கிழமையிலேயே வந்தது வினை. ஒருநாள் காலை மழையில், வீடுகளுக்குச் சேதி கொண்டுபோகிற தொலைபேசி இணைப்பு அறுந்தது. தெரு முழுக்க விளக்குகள் ஒன்றாக அணைந்தன. ஆண்டவர் படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்ததைக் கண்ட பெண்கள் குழறியடித்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாக வழமைபோல வந்து சேர்ந்தன. ஆண்களுக்கு வெட்கமும் சிரிப்பும். றொகானோடு ஒரே படகில் போகிற சந்தியோகு, அவனுக்குச் சித்தப்பா முறை, காத்திருக்க ஆளில்லாததால் வீட்டுக்கு விளக்கே வாங்காத தனிக்கட்டை, லவீனாவைக் கண்டதும் பகிடி விட்டார்.

"என்ன பிள்ளை, உயிரோடை இருக்கேக்கையே எங்களை அழுது முடிச்சுப்போட்டினம். இனிச் செத்தா அழ ஆக்கள் இல்லை."

லூர்த்தம்மா சிரிக்கவில்லை. "திரு இருதயத்துக்குப் பக்கத்திலை எரியிற விளக்கு நூரக்கூடாது பிள்ளை. கண்ணுக்கு முன்னாலை நூர்ந்தா எந்தப் பொம்பிளை பொறுப்பாள்? நூராத மாதிரி ஒண்டைச் செய்து தா."

லவீனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அவளும் அந்தத் தெருப் பிள்ளைதானே. கூட வேலை செய்கிற மயூரதனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவன் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர் மகன், கடலைப் படத்தில் பார்த்தாலும் தலை சுற்றும் என்பான். அலைவாங்கியையும் கணினியையும் இணைக்கிற வேலை அவனுடையது.

"சேதி வரேல்லையெண்டா, வரேல்லையெண்டுதான் காட்டோணும்," என்றான். "பழைய சேதியைப் புதுசு மாதிரிக் காட்டினா அது பொய். நூரக் கூடாதெண்டா மஞ்சளைக் காட்டும்."

"உமக்கு எங்கடை சனத்தைத் தெரியாது. மஞ்சளைக் கண்டாலும் ஓடுவினம்."

"ஓடட்டுமே. ஓடினா என்ன குறைஞ்சுபோச்சு?"

"நீர் அந்தக் கரையிலை நிண்டு பாத்திருந்தா உப்பிடிக் கேக்க மாட்டீர்," என்று லவீனா சொன்னாள். கட்டமைப்பில் கடைசிச் சொல் அவளுடையது. சேதி நின்றுபோனால் கடைசியாகத் தெரிந்த நிலையைக் காட்டு என்று ஒரு விதியை அவளே தன் கையால் எழுதிச் சேர்த்தாள்.

தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். காலையில் எழும்பி, விளக்கைப் பார்த்து, சிலுவை போட்டு, அடுப்பை மூட்டினார்கள். இறங்குதுறையில் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் குறைந்து குறைந்து, பிறகு ஒருவரும் இல்லாமல் போனார்கள். என் மகள் கட்டின விளக்கு என்று லூர்த்தம்மா போகிற வருகிற இடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தாள். றொகான்தான் எல்லாரையும் விடப் பெருமைப்பட்டான். படகில் பொருத்திய கருவியை மீன் செதில் படாமல் தினமும் துடைத்து வைப்பான் என்று சந்தியோகு சொல்லுவார்.

ஐப்பசியில் ஒருநாள் பின்னேரம் படகுகள் போன பிறகு இடிமின்னலோடு காற்று எழும்பியது. தண்ணீர்த்தாங்கிக்கு மேலிருந்த அலைவாங்கியின் காது அடைத்துப்போயிற்று. அலுவலகக் கணினி தனக்குக் கடைசியாகத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றது. வீட்டு விளக்குகளும் அப்படியே நின்றன. ஒன்றும் விழவில்லை. அவள் வரைந்தபடியே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. விடிந்ததும் மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, றொகானின் படகு வரவில்லை. பெர்னடெட் விளக்கைப் பார்த்தாள், பச்சை. காற்றுக்கு ஒதுங்கித் தீவுப் பக்கம் எங்காவது கரை தட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவள் கரைக்குப் போகவில்லை. அவள் போகாததால் மற்றவர்களும் யோசிக்கவில்லை. அன்று காலை லவீனா அந்த வீட்டில்தான் தேத்தண்ணி குடித்தாள். அவளும் விளக்கைப் பார்த்தாள். அண்ணை வந்தால் பாரை மீன் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் கழிந்த பிறகுதான் மயூரதன் அவளுடைய மேசைக்கு வந்தான். "கரை அலைவாங்கி நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ஒண்டும் கதைக்கேல்லை லவீனா. உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். அவள் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். தேடுகிற படகுகள் வெளிக்கிட்டுப் போய்ச் சேர முன்னர், நெடுந்தீவுப் பக்கத்து வள்ளம் ஒன்று சந்தியோகுவைத் தூக்கியிருந்தது. அவரை மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒருவரும் லவீனாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சந்தியோகு ஒருநாள் பெர்னடெட்டின் வீட்டு வாசலில் வந்து குந்தினார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள், உடம்பு எப்படி என்று விசாரித்தாள், பிறகு விளக்கைக் காட்டினாள்.

"பாருங்கோ சித்தப்பா, எரியுது."

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அவள் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. நடந்ததை அவர் வாயால் கேட்க லவீனாவுக்கும் தைரியம் வரவில்லை. படகு கவிழ்ந்தது, அண்ணன் திரும்பவில்லை என்ற அளவோடு அவள் நின்றுகொண்டாள்.

மீனவர் சங்கம் கூடி விதியை மாற்றச் சொன்னது. புதுக் கட்டமைப்பில் சேதி நின்றால் அந்த வீட்டு விளக்கு அணையும், கரையிலும் சங்கு ஊதும். நூர்ந்தால் நூரட்டும், நாங்கள் ஓடிப்போய்க் கேட்கிறோம் என்று பெண்களே சொன்னார்கள். நிரல் எழுதி முடிந்தது. அதை எல்லா வீட்டுக்கும் அனுப்புகிற அலுவல்தான் பாக்கி. அனுப்பினால் தெருவில் அணையப் போவது ஒரு விளக்கு. அது எந்த வீட்டு விளக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

பெர்னடெட் அதுவரை லவீனாவின் அலுவலக மாடிப்படி ஏறியதில்லை. அன்று ஏறி வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை.

"மச்சாள், மற்ற வீடுகளிலை உன்ரை விருப்பப்படி செய். எங்கடை வீட்டை மட்டும் விடு."

"அது அண்ணை இல்லை மச்சாள். அது வெறும்..."

"எனக்குப் பாடம் எடுக்காதை. விட ஏலுமோ, ஏலாதோ?"

லவீனாவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஏலும்," என்றாள்.

"பேந்தென்ன?" பெர்னடெட் திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

மயூரதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ஒரு வீட்டை விலக்கிவிட ஒரு வரி போதும். நான் போட்டுவிடட்டோ?" என்றான்.

"நீர்தானே அண்டைக்கு அது பொய் எண்டு சொன்னனீர்."

"ஓம். அண்டைக்கு நான் பலகையைப் பாத்துக் கதைச்சனான். இண்டைக்கு அந்த மனிசியின்ரை முகத்தைப் பாத்தனான்."

அந்த ஒரு வரியைப் போட்டுவிட லவீனாவுக்கும் ஆசைதான். அண்ணன் போன பிறகு பெர்னடெட்டுக்குத் தன்னால் கொடுக்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அன்று பின்னேரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பெர்னடெட் குசினிக்குள் நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஷெறின் சீருடையோடு படத்துக்கு முன்னால் நின்று விளக்கோடு கதைத்துக்கொண்டிருந்தது. "அப்பா, இண்டைக்கு ரீச்சர் என்னைப் பாடச் சொன்னவா. நீங்கள் வந்தாப்பிறகு பாடிக் காட்டுறன்." சொல்லிவிட்டு விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பச்சை அசையாமல் எரிந்தது. பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது, விளையாட ஓடிவிட்டது.

லவீனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பது அண்ணன் இல்லை, தான் எழுதிய விதி. இப்படியே விட்டால் நாளைக்கும், அடுத்த வருடமும், பிள்ளை பெரியவளான பிறகும் அது அதே பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அவள் குசினி வாசலில் போய் நின்றாள்.

"நாளைக்குக் காலமை நூரும் மச்சாள். நான்தான் நூர்க்கிறன். உங்களுக்குச் சொல்லாமல் செய்யக் கூடாதெண்டு வந்தனான்."

பெர்னடெட் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை லவீனாவும் மயூரதனும் இறங்குதுறையில், சங்கக் கட்டடத்து வாங்கில் மடிக்கணினியோடு இருந்தார்கள். படகுகள் வந்துகொண்டிருந்தன. மீனை ஏலம் கூறுகிறவர்களின் சத்தம், ஐஸ் பெட்டி இழுக்கிற சத்தம். கரைச் சங்கை அன்றைக்கு மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு லவீனா பொத்தானை அமத்தினாள். வீடு வீடாகப் புது விதி போய்ச் சேர்ந்தது. திரையில் தெருமுழுக்கப் பச்சையாக இருந்தது. ஒரு கட்டம் மட்டும் கறுத்துப்போயிற்று. மயூரதன் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டான். லவீனா வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முகப்பில் பெர்னடெட் தெரிந்தாள். வீட்டில் போடுகிற சட்டையோடு, தலைமயிர் முடியாமல் வந்தாள். லவீனாவை அடிக்கத்தான் வருகிறாள் என்று அங்கு நின்ற எல்லாரும் நினைத்தார்கள். லவீனா எழும்பி நின்றாள், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள். பெர்னடெட் அவளைத் தாண்டிப் போய், கரையில் நின்ற முதல் படகுக்கு முன்னால் நின்றாள்.

"எங்கடை ஆளைக் கண்டியளோ?"

மீன் பெட்டியைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். அவளுடைய புருசன் செத்தது அந்தக் கரையில் நாய்க்குட்டிக்கும் தெரியும். ஆனால் கேட்டுவிட்டாள், சொல்லத்தான் வேண்டும்.

"இல்லை மச்சாள். நாங்கள் காணேல்லை."

அடுத்த படகுக்குப் போனாள். "எங்கடை ஆளைக் கண்டியளோ?"

"காணேல்லைப் பிள்ளை."

ஒரு படகையும் விடாமல் கேட்டுக்கொண்டு போனாள். கூறுகிறவர்கள் வாயை மூடிவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியையும் தலைத்துண்டையும் கழற்றினார்கள். லவீனா பின்னால் நடந்தாள். படகு வரிசை முடிகிற இடத்தில், கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்தில் சந்தியோகு இருந்தார். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. பெர்னடெட் அவருக்கு முன்னாலும் வந்து நின்றாள்.

"சித்தப்பா, எங்கடை ஆளைக் கண்டியளோ?"

"கண்டனான் பிள்ளை," என்றார் சந்தியோகு. "படகு பிரளேக்கை எஞ்சின் அடிச்சு அவன்ரை கால் முறிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் மிதந்த எண்ணைக் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம். விடிஞ்ச பிறகும் கதைச்சுக்கொண்டு கிடந்தவன். நான்தான் அழுதனான், அவன் அழேல்லை. 'பயப்பிடாதேங்கோ சித்தப்பா, தங்கச்சி செய்த சாமான் இருக்கு. எங்களைக் காணேல்லையெண்டு அவளுக்கு இப்ப தெரிஞ்சிருக்கும், படகு வெளிக்கிட்டிருக்கும்' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவன். உச்சி வெயில் வரைக்கும் அதைத்தான் சொன்னவன். பேந்து கை விட்டிட்டுது."

பெர்னடெட் மணலில் குந்திவிட்டாள். இத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகை அவளைப் போட்டு உலுக்கி எடுத்தது. கரையில் நின்ற பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். லவீனாவுக்கு அழுகைகூட வரவில்லை. உச்சி வெயில் வரைக்கும் அண்ணன் தன்னை நம்பிக்கொண்டு கிடந்தான் என்பது அவளைப் பிளந்துகொண்டு இறங்கியது. செத்தால் தேவலை என்றுதான் அவளுக்கு அப்போது இருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு பெர்னடெட் சட்டை விளிம்பால் முகத்தைத் துடைத்தாள். லவீனாவை அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"பிள்ளை எழும்பியிட்டாள்," என்றாள். "விளக்கு எரியேல்லையெண்டு கண்டிட்டாள். லவீனா மாமி வந்து திருத்தித் தருவா எண்டு படத்துக்கு முன்னாலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ வந்து சொல்லு."

"ஓம் மச்சாள். வாறன்," என்றாள் லவீனா. பெர்னடெட்டைக் கைபிடித்து எழுப்பிவிட்டு, அவளுக்கு முன்னால் ஒழுங்கையில் நடந்தாள்.